பனியில் மஞ்சள்

கனடாவில், மல்வேர்ன் வீட்டின் பின்வளவில் தேனீ வளர்க்கப்போவதாக என் கணவர் சொன்னபோது நான் வாய்விட்டே திட்டினேன். வேலை, பஸ், பனி. இவ்வளவும் போதாதென்று கொட்டுகிற பூச்சியும் வேண்டுமா? அவர் கேட்கவில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் போய்ப் பெட்டியோடு வந்தார். கோடை முடிவதற்குள் நானும் சின்ன மகளும் அந்தப் பூச்சிகளோடு கதைக்கத் தொடங்கியிருந்தோம்.

காலை வெயில் படவேண்டும் என்று பெட்டியின் வாசலைக் கிழக்கே, பக்கத்து வீட்டு அக்காவின் வளவைப் பார்க்க வைத்தோம். இடையில் கம்பிவேலியும் ஒரு சின்னப் படலையும்தான். அக்கா முகம் சுளிக்கவில்லை. நாங்கள் வேலைக்குப் போனால் மகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஊரில் அவருடைய சாதி ஆட்களின் கிணற்றில் எங்கள் ஆட்கள் வாளி போட முடியாது. அதை இங்கே இருவரும் வாயால் சொன்னதில்லை. நான் மறந்ததுமில்லை.

குளிர் வந்ததும் பெட்டியைக் கறுப்புத் தார்க்கடதாசியால் சுற்றினோம். இனித் திறக்கக்கூடாது. நானும் மகளும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் காதை வைப்போம். ஒருநாள் இரைச்சல் கேட்கும், ஒருநாள் ஒன்றும் கேட்காது. செத்துவிட்டனவோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பின்வளவுப் பனியை மிதித்துக்கொண்டு அவரது குசினிக் கதவால் போய் வயிறுமுட்டக் கூழ் குடித்தோம். மறுநாள் நல்ல வெயில். வேலை முடிந்து வந்து யன்னலால் பார்த்தேன். நாங்கள் நடந்த தடம் நெடுக, அவரது படிவரைக்கும், மஞ்சள் மஞ்சளாகத் துளிகள். அக்கா வாளியும் துணியுமாகப் படியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் வந்துபோன முற்றத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்த வீடுகளை எனக்குத் தெரியும். கனடா வந்தாலும் நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று நினைத்தேன். வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கினேன்.

“நாங்கள் வந்திட்டுப் போனதுக்கோ அக்கா மஞ்சள் தண்ணி தெளிச்சனீங்கள்? விருப்பமில்லாட்டிக் கூப்பிடாமல் விட்டிருக்கலாமே!”

அக்கா துணியும் கையுமாக விழித்தார். “என்ன பிள்ளை சொல்லுறாய்? நீ எப்ப வருவாயெண்டெல்லே பாத்துக்கொண்டு நிக்கிறன். மத்தியானம் உங்கடை தேனீ எல்லாம் வெளியிலை வந்து பறந்தது. சாகேல்லை. உன்ரை மகளும் நானும் கைதட்டினனாங்கள்.”

“அப்ப உந்த மஞ்சள்?”

பின்னால் வந்த கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “உது தேனீயின்ரை பீ. விண்டர் முழுக்க அடக்கி வைச்சிருந்து முதல் வெயிலுக்குத்தான் வெளியிலை வந்து கழிக்குமாம். கிழவர் சொன்னவர். உமக்குச் சொல்ல மறந்திட்டன்.”

எங்கள் பூச்சிகளின் பீயைத்தான் அந்த மனுசி கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேனீக்கள் பிழைத்துவிட்டன என்ற சந்தோஷம்கூட வரவில்லை. வாளியைப் பறிக்கப் போனேன், அவர் தரவில்லை. “கால் விறைக்கப்போகுது, உள்ளுக்கு வா” என்றார். அவர் கோபித்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு அதைப்பற்றி அவர் ஒரு சொல் எடுத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், கதிரையில் இருக்கமுதலே, “பிள்ளை, குடிக்கத் தண்ணி தா” என்பார். நான் கொடுக்கும் கிளாஸில் வாய்வைத்து, என் கண்முன்னே கடைசிச் சொட்டுவரை குடிப்பார். தன் வீட்டில் அப்போதுதான் தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தாலும் குடிப்பார். ஒருநாளும் அந்த மனுசிக்குத் தாகம் இருந்ததில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வார்த்துக் கொடுப்பேன்.