மாமாவுக்கு ஒன்றும் தோன்றாத நாள்

மகள் தான் படித்துக்கொண்டிருந்த நாவலை மூடிவிட்டு என்னிடம் வந்தாள். "இதுல வர்றவன் ரொம்ப சாதுவான பையன்மா. சண்டைக்குப் போயிட்டு வந்து அப்படியே கல்லாயிட்டான். நெசத்துல இப்படி ஆவாங்களா?"

எனக்குச் சேகர் மாமாவின் ஞாபகம் வந்தது. அவர் அம்மாவின் தம்பி. வீட்டில் கோழி அறுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ஆற்றுப்பக்கம் போய்விடுவார். குழம்பு கொதித்த பிறகுதான் திரும்புவார். பட்டாளத்தில் சேர்ந்த அவரை எல்லைச் சண்டைக்கு அனுப்பினார்கள்.

அவர் உயிரோடு திரும்பியதும், அம்மா வேண்டுதலுக்காகக் கிடா வெட்ட ஏற்பாடு செய்தாள். வெட்டுகிறவர் வரத் தாமதமானது. மாமா எழுந்துபோய் அரிவாளை எடுத்து ஒரே வெட்டாக வெட்டினார். "வேற ஏதாச்சும் வெட்ட இருக்குதா?" என்று கேட்டார்.

அம்மா அவரைக் கொல்லைக்கு இழுத்துப்போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"என்னடா ஆச்சு ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. அதான் பயமா இருக்குது."

அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா அசையாமல் நின்றார்.

"அப்புறம் சரியாயிட்டாரா?" என்றாள் மகள்.

பட்டாளத்தை விட்டு வந்து பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமும் ஆனது. ஆனாலும் கல்லாய்ப்போன அவர் முகம் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த தன் குழந்தையைக் கையில் வாங்கிய அன்று, அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நர்ஸ் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

அம்மா குறுக்கே நின்று, கண்ணீரும் சிரிப்புமாகச் சொன்னாள்: "வுடுங்கம்மா, என் தம்பி அழுவட்டும்."