அங்கப்பனின் கம்பளி

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரையே வாயடைக்க வைப்பவள் அம்மணி. ஆனால் ஏற்காட்டின் அந்தச் சின்ன ராணுவக் காட்சிக்கூடத்து வாசலில் நின்றபோது அவளுக்கு உள்ளே போகத் தயக்கமாக இருந்தது. செருப்பைக் கழற்றினாள்.

"செருப்போடயே வரலாம்மா" என்றார் உள்ளேயிருந்து ஜேசுதாஸ்.

"இருக்கட்டுங்க" என்றாள். புருஷன் இருக்கிற இடத்துக்கு யாராவது செருப்போடு போவார்களா?

காட்சிக்கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பழைய காப்பி குடோன். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஜேசுதாஸ் அதற்குச் சுண்ணாம்படித்து, மலையிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் சாமான்களை வைத்திருந்தார். தகர டம்ளர், பூட்ஸ், மங்கிய பதக்கம். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. சன்னல் வழியே பனிமூட்டம் நுழைந்து, அந்த பூட்ஸுகளுக்கு நடுவே நிதானமாக உலாவிக்கொண்டிருந்தது. சுவரில் இன்னும் காப்பி வாசனை.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் அவள் புருஷன் அங்கப்பனின் கம்பளி. போன வருஷம் ஜேசுதாஸ் தலைச்சோலையில் அவள் வீட்டுக்கு வந்து கேட்டபோது, அழுகையில் ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக் கொடுத்திருந்தாள். இப்போது அதைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள். ஒருத்தி அட்டையை உரக்கப் படித்தாள்: "அங்கப்பன், தலைச்சோலை. போர்முனையில் இவர் சிந்திய ரத்தம் இந்தக் கம்பளியில்."

பிள்ளைகள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

அம்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் ரத்தம் எங்கே சிந்தினான்? எல்லையில் பனி சரிந்து ஆளை முழுசாக மூடிக்கொண்டது, உடம்புகூட வரவில்லை. இந்தக் கம்பளி அந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஐப்பசி லீவில் வந்தவன், வயிற்றுப்பிள்ளைக்காரி குளிரில் நடுங்குகிறாளே என்று விட்டுவிட்டுப் போனது. மாசியில் தந்தி வந்தது.

கண்ணை மூடினாள். பங்குனிக் காலை. ஒரு மழைக்குக் காப்பிச் செடியெல்லாம் மொத்தமாகப் பூத்து மலையே வெள்ளை. மணம் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மிளகு பொறுக்கப் போனவளுக்கு நடுக்காட்டில் வலி கண்டது. ஜீப் வருவதற்குள் சுதாராணி இந்தக் கம்பளியின்மேல் பிறந்துவிட்டாள். பூ உதிர்ந்து பிள்ளையின் ஈரத் தலையில் ஒட்டிக்கொண்டது. எத்தனை துவைத்தும் கம்பளியில் அந்தப் பிரசவக் கறை போகவில்லை.

பேசாமல் பஸ் ஏறிவிடலாம். சொன்னால் கம்பளியை எடுத்துவிடுவார்கள். அங்கப்பனின் பேர் எழுதியிருக்கிற ஒரே இடம் இதுதான். ஆனாலும், பொய்க்குச் சல்யூட் வாங்குகிற ஆளா அவன்?

பிள்ளைகள் போனதும் ஜேசுதாஸிடம் வந்தாள். "ஏனுங்கய்யா, அது அவரு ரத்தமில்லீங்க. என்னோடதுங்க. எம் மவ அதுலதானுங்க பொறந்தா. கம்பளி சண்டைக்கே போவலீங்க. நான் ஊட்டுக்கே கொண்டுபோயிர்றனுங்க."

அவர் அவளைக் கடைசிப் பெட்டியிடம் அழைத்துப் போனார். பிறகு சாவியால் பெட்டியைத் திறந்தார். கம்பளியை வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டினாள். அவர் அட்டையை மட்டும் எடுத்துத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்தார்.

"மவ பொறந்த தேதி சொல்லுங்கம்மா."

"தேதி தெரியலீங்க. காப்பி பூத்த அன்னிக்குங்க."

எழுதினார். படித்தும் காட்டினார்: "அங்கப்பன், தலைச்சோலை. பனிச்சரிவில் இறந்தவர். மனைவிக்கு இவர் விட்டுச்சென்ற இந்தக் கம்பளியில் மகள் சுதாராணி பிறந்தாள், காப்பி பூத்த அன்று."

அம்மணி கம்பளியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னொருக்கா சத்தமாப் படிங்க. பொறந்தது பொண்ணுன்னு அவருக்குத் தெரியாதுங்க."