குணசேகர் பாங்காக் போன கதை

எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "கோலார் பக்கம்" என்பான் குணசேகர். அந்தப் பக்கத்துக்குள் தங்கவயலை அடக்கி வைத்திருந்தான். தங்கவயல் என்று வாயைத் திறந்துவிட்டால், விவரம் தெரிந்த வட ஆற்காட்டுக்காரர்கள் அங்கே சுரங்க வேலைக்குப் போன ஜனங்கள் எந்தச் சேரிக்காரர்கள் என்று உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். போட்டபின் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்பதையும் அவன் வாலிபத்திலேயே பார்த்தாயிற்று. பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்கள் தங்களுக்குத் தோதாக எதை நினைத்துக்கொண்டார்களோ அதை மறுக்காமல் இருந்தான், அவ்வளவுதான்.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. அங்கே சூப்பர்வைசராக இருந்த சுந்தரேசன் ஆம்பூர்க்காரர். அவரும் தோதாகத்தான் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு நில்லாமல், சந்தாபுராவில் தான் கட்டிய வீட்டின் மாடியையும் அவனுக்கே வாடகைக்கு விட்டார். "நம்மாளுங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன்" என்று அவர் சாவியை நீட்டியபோது, குணசேகர் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து மாடி ஹாலில் முருகன் காலண்டர். புத்தர் படம் பீரோவுக்குள், புடவைகளுக்குப் பின்னால். வைசாகப் பௌர்ணமிக்குத் தங்கவயல் பௌத்த சங்கத்துக்குப் போகிற ஒவ்வொரு முறையும், அவன் மனைவி ஆஷா கீழ்வீட்டில் ஊர்த் திருவிழா என்று சொல்லிவிட்டுப் புறப்படுவாள். மகள் யாமினி அந்த மாடியில் வளர்ந்துதான் காலேஜுக்குப் போனாள். சின்ன வயதில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது சுந்தரேசனின் மனைவி அம்புஜம். தொழிற்சாலைக் கேன்டீனில் சுந்தரேசனும் குணசேகரும் ஒருவர் டிபன் பாக்ஸில் மற்றவர் கைவைத்துச் சாப்பிடுவார்கள். இத்தனையும் குணசேகர் சொல்லாமல் விட்ட ஒரு ஊர்ப்பெயரின் மேல் நின்றுகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், கூட வேலை பார்க்கும் ஹரிஷ்குமார் செல்போனைத் தேய்த்துக்கொண்டே, பாங்காக்குக்கு விசா வேண்டாமாம், டிக்கெட்டும் மலிவாம், சேர்ந்தாற்போல் லீவு வருகிறதே, போவோமா என்றான். விளையாட்டாய்த்தான் கேட்டான். சுந்தரேசன் வீம்புக்குச் சரி என்றார். குணசேகர் பின்வாங்கப் பார்த்தான். நீ இல்லாமல் எனக்கு அங்கே என்ன வேலை என்று அவர் பிடித்த பிடியில், சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. முத்திரையே விழாமல் கிடந்த அவன் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு வழி பிறந்தது.

போய் இறங்கிய முதல் நாள் முழுக்க ஊர் தெரியாத திண்டாட்டம். படகில் ஏறித் தப்பான துறையில் இறங்கினார்கள். சாப்பாடு எதை வாயில் வைத்தாலும் இனித்தது. சுந்தரேசன் அதைத் திட்டிக்கொண்டே, ஒரு தட்டு வாங்கி குணசேகரோடு பங்குபோட்டுத் தின்றார். குணசேகருக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. மூவரும் ஒரு சந்துக்குள் ஓடி, முதலில் கண்ணில் பட்ட கோயிலுக்குள் நுழைந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் வருகிற கோயில் இல்லை. தெருக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருக்க, ஒரு பிட்சு ஓதிக்கொண்டிருந்தார். ராகம்தான் வேறு, வார்த்தைகள் குணசேகர் சங்கத்தில் சொல்லி வளர்ந்தவை. புத்தம் சரணம் கச்சாமி. குணசேகர் யோசிக்கவே இல்லை. கால்களை மடக்கி உட்கார்ந்தான், கைகூப்பினான், மூன்று சரணத்தையும் ஐந்து சீலத்தையும் ஓர் எழுத்து விடாமல் அவர்களோடு சேர்ந்து சொல்லி முடித்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பாயில் பாதியை அவன் பக்கம் நகர்த்தினாள். நீ யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குணசேகருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. மனுஷன் புத்தி மழுங்குவதும் அந்த மாதிரி நேரத்தில்தான்.

ஹரிஷ்குமார் அதையெல்லாம் வீடியோ எடுத்திருந்தான். வெளியே வந்ததும் சுந்தரேசன் சிரித்துக்கொண்டே, இதெல்லாம் எங்கேயப்பா கத்துக்கிட்ட என்றார். செல்போனில் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"நாங்க பௌத்தங்கதான்ணா, தலைமுறை தலைமுறையா. தங்கவயல்ல எங்களுக்குச் சங்கமே இருக்கு."

"தங்கவயலா?" என்றார் சுந்தரேசன். அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கணக்குப் போடத் தெரிந்தவருக்குக் கேள்வி எதற்கு? உள்ளே அந்தப் புத்தரை அவரும்தான் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். அது புண்ணியம். புத்தரைக் கும்பிடுகிறவன் மாடியில் குடியிருப்பதுதான் சங்கடம். மத்தியானம் தனக்கு ஒரு தட்டைத் தனியாக வாங்கிக்கொண்டார். வயிறு சரியில்லை என்றார்.

பெங்களூர் திரும்பியபின் அந்த வயிறு சரியாகவே இல்லை. டிபன் பாக்ஸை மேஜைக்கே எடுத்துப்போய்ச் சாப்பிட்டார். அம்புஜம் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். பிறகொரு நாள் சுந்தரேசன் குணசேகரைக் கீழே கூப்பிட்டு, பையனுக்குக் கல்யாணம் பேசுகிறோம், மாடி தேவைப்படுகிறது என்றார். பையன் கனடாவில் இருந்தான். குணசேகர் சுவரிலிருந்த பையன் படத்தை ஏறிட்டுப் பார்த்ததும் அவருக்கே பொறுக்கவில்லை.

"நான் ஜாதியெல்லாம் பாக்கறவன் இல்ல குணா. நீ மறைச்சிட்டியே, அதான் மனசுக்கு ஒருமாதிரி இருக்கு."

"சொல்லியிருந்தா சாவி குடுத்திருப்பீங்களாண்ணா?"

சுந்தரேசன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஆஷா அன்றைக்கு அழவில்லை, எரிந்து விழுந்தாள். இத்தனை வருஷம் நானும் என் பெண்ணும் வாயைக் கட்டி வாழ்ந்தோம், உங்களுக்கு ஒரு நாள் கட்ட முடியவில்லையா, யார் கேட்டார்கள் உங்களை என்று கேட்டாள். அந்தக் கோயிலில் யாரும் கேட்காததால்தான் சொன்னேன் என்று குணசேகருக்குச் சொல்லத் தோன்றியது. அவளுக்கு அது புரியாமல் போகாது. புரிந்தால் மட்டும் வீடு கிடைத்துவிடுமா?

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஈஜிபுராவில் ஒரு வீடு பார்க்க யாமினியையும் கூட்டிக்கொண்டு போனான். வேலைக்குத் தூரம்தான், ஆனால் அவளுடைய காலேஜுக்குப் பக்கம். இனி எவனிடமும் பக்கம், கிக்கம் என்று சொல்வதில்லை, தங்கவயல் என்றே சொல்வது, கொடுத்தால் கொடுக்கட்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டியிருந்தான். வீட்டுக்காரி லட்சுமம்மா நல்லபடியாகவே பேசினாள். தண்ணீர் வரும் நேரத்தைச் சொன்னாள், சமையலறையைத் திறந்து காட்டினாள், கடைசியில் கன்னடத்தில், நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டாள்.

குணசேகர் தொண்டையைச் செருமினான்.

"மொதலியாரு, ஆன்ட்டி" என்றாள் யாமினி.

முகத்தில் சிரிப்பு மாறவில்லை, குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. லட்சுமம்மாவுக்குத் திருப்தி. சாவி எடுக்க உள்ளே போனாள். குணசேகர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆயுசு முழுக்க ஒளிந்து வாழ்ந்தவன், ஆனால் அவன்கூட இப்படி ஒரு பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

யாமினி அவன் பக்கம் திரும்பாமலே, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வீடு வேணுமா, வேணாமாப்பா?"

"வேணும்" என்றான் குணசேகர்.