பேர்ணடெற் வளைவுக்குப் போன நாள்

நெத்தலிக் கருவாட்டின் தலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள் பேர்ணடெற். இடம்தான் மாறியிருந்தது. கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினிக்குப் பதிலாக, றம்பொடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த பங்களாவின் குசினி. அரிசி, தேங்காய், கறித்தூள், நெத்தலி எல்லாம் கொழும்பிலிருந்தே வான் வண்டியில் வந்திருந்தன. சமைக்கிற ஆளும் அதே வானில்தான் வந்தாள். தம்பி சிறிலின் குடும்பம் வருடா வருடம் இப்படித்தான் விடுமுறைக்குப் போகும்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கலியாணம் செய்யவில்லை, அதற்காக யாரும் மூக்குச் சிந்தத் தேவையுமில்லை. கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தொலைபேசிப் பகுதியில் வேலை. எந்தக் கப்பல் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு மூன்று மொழியிலும் பதில் சொல்வாள். கத்துகிறவர்களை மூன்று மொழியிலும் அடக்குவாள்.

அன்று காலை சிறில் வந்து, நெத்தலிக்குப் பக்கத்தில் ஒரு பைலை வைத்தான். அவனுடைய மனைவி மாக்ரெட்டின் அப்பா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து விழுந்து களுபோவில ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த கிழமை துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, வீட்டுக்கு அனுப்புவார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் அக்கா வேலையை விடுகிறாள் என்று புருசனும் பெண்சாதியும் தீர்மானித்து, விலகல் கடிதத்தை டைப் அடித்தே கொண்டு வந்திருந்தார்கள்.

“வாசிச்சிட்டு பின்னேரத்துக்குள்ள சைன் வைங்க அக்கா,” என்றான்.

நுவரெலியாவுக்கு ஏறும் மலைப்பாதையில் அன்று வெளிநாட்டுக் குழுக்கள் ஓடும் சைக்கிள் போட்டி. மற்ற வாகனங்களைப் பொலிஸ் மறித்து நிறுத்தியிருந்தது. நுவரெலியாப் பயணம் தடைப்பட, எல்லோரும் டிவிக்கு முன்னால் இருந்து பகல் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். பேர்ணடெற் கை கழுவினாள். பாதி கிள்ளிய நெத்தலியை அப்படியே விட்டு, பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு மைல் ஏற்றம் நடந்து கொண்டை ஊசி வளைவுக்குப் போனாள்.

தோட்டத்துப் பெண்கள் சிலர் வீதியோரம் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கடிதத்தைப் பிரித்தாள். ‘எனது உடல்நலக் குறைவு காரணமாக’ என்று தொடங்கியது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் வழியில் ஓரிடத்திலும் அவள் குந்தவில்லை. புல் ஈரமாக இருந்தது. பைலை விரித்துப் போட்டு, கடிதத்தோடு சேர்த்து அதன்மேல் இருந்தாள்.

முதலில் மோட்டார் சைக்கிள்கள். பிறகு நாற்பது ஐம்பது பேர் ஒரே கொத்தாக, சங்கிலிச் சத்தமும் மூச்சுச் சத்தமுமாக வந்து போனார்கள். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆட்கள் கலைந்தார்கள். அவளுக்குத் திரும்பிப் போக அவசரம் இருக்கவில்லை.

கால் மணித்தியாலம் கழித்து, பின்தங்கிய சைக்கிள்காரன் ஒருவன் வந்தான். முழங்காலில் தோல் உரிந்து, காலுறைவரை இரத்தம் காய்ந்திருந்தது. பின்னால், ஓட முடியாதவர்களை ஏற்றிப்போகும் ஒரு வெள்ளை வான் ஊர்ந்தது. அதன் ஜன்னலால் ஒரு கை நீண்டு அவனை ஏறச் சொன்னது. அவன் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டி மறுத்தான். வளைவின் செங்குத்தில் சைக்கிள் நின்றுவிடும் போலத் தள்ளாடியது. கை மறுபடியும் நீண்டது. தலை மறுபடியும் ஆடியது.

“ஏறிக்கிட்டா சொகமா போயிரலாமே,” என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

“அவர் வான் கேட்டவரா?” என்றாள் பேர்ணடெற்.

அவன் மேலே மறையும்வரை எழுந்து நின்று கைதட்டினாள்.

பங்களாவுக்குத் திரும்பும்போது மூன்று மணி. பாணும் ரின்மீனும் சாப்பிட்டிருந்தார்கள். மாக்ரெட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்தாள். நெத்தலியை ஒருவரும் தொடவில்லை. சிறில் குசினிக்கு வந்து பைலைக் கேட்டான். கொடுத்தாள். அதில் சேறும் புல்லும் ஒட்டியிருந்தன.

“இதுல சைன் இல்லையே அக்கா.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சிறில், உடம்பு நல்லாத்தான் இருக்கு. வருத்தமெண்டு எழுதின கடிதத்துல நான் சைன் வைக்க மாட்டன். வேலையும் விட மாட்டன். சனி, ஞாயிறு அங்கிளை நான் பாக்கிறன். குளிப்பாட்டுறதும் செய்வன். கேட்டிருந்தா இதத்தான் சொல்லியிருப்பன். நீ கேக்கல்ல.”

“அப்ப மத்த அஞ்சு நாளும் ஆரு பாக்கிறது?”

அவள் தனக்கு மட்டும் ஒரு பிளேன்ரீ ஊற்றிச் சீனியைக் கலக்கினாள். சிறில் பைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். விரலில் பட்ட சேற்றைக் காற்சட்டையில் துடைத்தான். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சீனி போட்டாள்.

அவன் குசினியை விட்டு வெளியே போனான்.