அடித்து எழுதிய சுரம்

யுத்தம் முடிந்து பட்டாளத்துப் பாண்டு வாத்தியக் குழுவிலிருந்து வந்தவர் அவர். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரர். சேலத்தில் கல்யாணத்துக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்த எங்கள் நான்கு பேரைக் கூட்டி, தானே எழுதிய சங்கீதத்தை ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார். வேட்டிக்குக் கீழே பூட்ஸ், காதில் பென்சில். நாங்கள் ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

நால்வரும் சேர்ந்து ஊதினால், அம்மாபேட்டையில் நாலு வீட்டுத் தறியை ஒன்றாகக் கேட்பது போலிருந்தது. பாட்டென்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த ஆளுக்குச் சங்கீதமே தெரியாது என்று எனக்குச் சந்தேகம். சோதித்துவிடலாமென்று ஓரிடத்தில் வேண்டுமென்றே சுரத்தை மாற்றி ஊதினேன். அவர் நிறுத்தவில்லை. ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தேன்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். என் தாளில் அதே இடத்தை அடித்துவிட்டு, நான் ஊதிய தப்புச் சுரத்தை எழுதினார்.

"இதுதானுங்க நல்லா இருக்குது, சாமி."

நான் மாற்றி ஊதியதைப் பக்கத்தில் இருந்தவன் சாடை காட்டியிருப்பான் என்று தோன்றியது. மறுநாள் பழைய சுரத்தையே ஊதிப் பார்த்தேன். மூடிய கண்ணோடு கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏனுங்க சாமி, தப்பா ஊதறீங்க?"

"நீங்க மொதல்ல எழுதுனதுதானுங்களே!"

"ஆமாங்க, நாந்தான் எழுதுனேன். அது தப்புங்க."

அவர் மேல் எனக்கிருந்த சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஒரு சுரமும் பிசகாமல் ஊதி முடிக்கிற நாளில், என் மேலும் கொஞ்சம் வருகிறது.