எரியாத கேட் விளக்கு

அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகக் கேமரா பொருத்திக்கொண்டிருந்த காலத்தில், வில்லா ஒன்றின் வாட்ச்மேனை இரண்டே முறை பார்த்தேன். ஒல்லியான மனிதர். அந்த வெயிலிலும் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். தோளில் ஒரு ஈரத்துணி கிடக்கும்.

அந்த வீட்டில் ஒரு தண்ணீர் மோட்டார் காணாமல் போயிருந்தது. வீட்டுக்கார அரபிக்கு வாட்ச்மேன்மேல்தான் சந்தேகம். அவருக்குத் தெரியாமல், அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி, கேட் விளக்குக்குள் கேமராவை ஒளித்துவைக்கச் சொன்னார். பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த வாட்ச்மேனேதான்.

"பல்பு மாத்துறேண்ணே" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து சர்வீஸுக்குப் போனேன். மற்ற வீடுகளில் ஒரே வாரத்தில் மணல்தூசி படிந்து படம் மங்கிவிடும். இங்கே விளக்கின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி அவர் துடைக்கிறாராம்.

"இதை எதுக்குண்ணே துடைக்கிறீங்க?"

"ரெண்டு மணி நேரம் வேலை பாத்துட்டுப் போனீங்க தம்பி. லைட்டு எரியவே இல்லையே."

அவர் கோபமாக இல்லை.

"தூசி அடைஞ்சா படம் தெரியாதுல்ல? நாளைக்கு இன்னொண்ணு காணாமப் போச்சுன்னா, நான் எடுக்கலன்னு சொல்ல வேற யாரு இருக்கா?"

அன்றும் ஏணியை அவர்தான் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்த பிறகும் இறங்க மனமில்லாமல், இல்லாத திருகாணியை நெடுநேரம் முடுக்கிக்கொண்டிருந்தேன்.