மாமா தலை சாய்த்த சுவர்

வெளிர்நீலச் சுண்ணாம்பு அடித்த கூடத்துச் சுவர். தரையில் உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், தேங்காய் அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. மாமா தினமும் சாப்பிட்டுவிட்டு அங்கேதான் பாய் விரித்துச் சாய்ந்துகொள்வார். அவர் தலையெண்ணெய் வருஷக்கணக்கில் ஊறி அந்த இடமே பழுப்பாகியிருந்தது. அக்கா சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நீலம்தான் போனது, கறை போகவில்லை. இப்போது என் கம்ப்யூட்டர் திரையில் அந்தச் சுவர் திறந்திருக்கிறது. பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அழுகை வரும் என்று காத்திருந்த காலம்கூட முடிந்துவிட்டது.

மாமா என்றால் அக்காவின் கணவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃபிளக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார், வீடு கடைக்குப் பின்னாலேயே. சிதம்பரத்தில் நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது அக்காதான் என்னை அங்கே கூட்டிப்போனாள். ஃபோட்டோஷாப்பைத் தப்புத்தப்பாக அழுத்தியே கற்றுக்கொண்டேன். கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. காதுகுத்தோ கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, வருகிற முகத்தை முதலில் வெளுக்க வேண்டும். பரு, தழும்பு, வியர்வை எதுவும் தெரியக்கூடாது. செத்தவர் முகமென்றால் இன்னும் ஒரு சுற்று. "போற ஆளப் பளிச்சினு அனுப்பணும் மச்சான். இல்லன்னா அவுங்க வூட்டுல நம்மளத்தான் திட்டுவாங்க" என்பார் மாமா. சில வருஷத்தில் என் கை அழுக்கைக் கண்டால் தானாகவே அழிக்கப் பழகிவிட்டது.

வீடியோ கேம் ஆசை பிரவுசிங் சென்டரில் பிடித்தது. கூட வந்தவர்கள் எதிரியைத் துரத்திச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். நான் விளையாட்டுக்குள் ஏதாவது ஒரு சுவர் ஓரம் நின்று செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சுடப்பட்டுச் சாவேன். அந்தச் செங்கல்லை யாரோ உட்கார்ந்து செய்கிறார்கள், அது ஒரு வேலை என்று தெரிந்த பிறகு வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. வீடு, மரம், பீரங்கி என்று கம்ப்யூட்டரில் நானே கட்டிக் கட்டிப் பழகினேன். "பொம்ம வூட்டுக்கு வெள்ள அடிக்கவா இந்தப் பாடு?" என்று மாமா கிண்டல் செய்வார். ஆனாலும் ஆர்டர் இல்லாத மதியங்களில் கடைக் கம்ப்யூட்டரை எனக்கு விட்டுவிட்டுத் தன் சுவருக்குப் போய்விடுவார்.

2011-இல் சென்னைக் கம்பெனி ஒன்று எனக்குப் பரீட்சை வைத்தது. ஒரு குடும்பம் வெகுகாலம் வாழ்ந்த அறையைச் செய்து அனுப்பச் சொன்னார்கள். மாமா வீட்டுக் கூடத்தைப் படமெடுத்து, அதையே செய்தேன். பழக்க தோஷம், அனுப்புவதற்கு முன் சுவரை மெழுகிவிட்டேன். விரிசல், ஆணி ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் போயிற்று. பதில் வந்தது: வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் இந்த வீட்டில் யாரும் குடியிருந்ததாகத் தெரியவில்லை, வருஷக் கடைசியில் இன்னொரு தரம் முயற்சி செய்யலாம். அதுவும் ஆகவில்லையென்றால் கடையையே பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எனக்குத் தெரிந்து கடைசியாக அழுதது அன்றுதான்.

வருஷக் கடைசியில் புயல் அடித்தது. கூடத்துக்கு மேலே ஓடுகள் பறந்துவிட்டன. மறுநாள் வெயில் நேராகச் சுவரில் விழுந்தது, மாமா வழக்கமான இடத்தில் ஈரச் சுவரில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வெளிச்சம் நல்லா வுழுது பாரு. ஓடு போட்டா இருட்டாயிடும். எடுத்துக்க மச்சான், நா நவுந்துக்கறேன்" என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார். கறையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். நடுவில் இரண்டு நரைமுடி ஒட்டியிருந்தது. படமெடுத்து, அப்படியே செய்து அனுப்பினேன்; இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை. வேலை கிடைத்தது.

நான் சென்னைக்குப் போன கொஞ்ச நாளிலேயே மாமாவுக்குக் கடையில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குள் போகுமுன்பே உயிர் போய்விட்டது. அவருடைய கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. கை தன்பாட்டுக்கு அவர் முகத்தை வெளுத்தது. இன்னும் ஒரு சுற்றும் வெளுத்தது. கருமாதிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். "மூணு தரம் அடிச்சும் எண்ண மேல வருதுடா" என்றாள் அக்கா. கடைசியில் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார்கள்.

கேம் வெளிவந்ததும் லேப்டாப்பைக் கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன். பரீட்சைக்குச் செய்த அந்தச் சுவரையே கம்பெனி அதில் எடுத்துக்கொண்டிருந்தது. துப்பாக்கிக்காரர்கள் கூடத்துக்குள் ஓடினார்கள், கறைக்குப் பக்கத்தில் குண்டு பட்டுக் காரை தெறித்தது. அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. "அவுரு ஒக்கார்ற எடம்" என்றாள். பிறகு கேட்டாள்: "அங்க கீழ ஒரு பாய் போட முடியுமாடா?"

வெளியே போய்விட்ட கேமில் இனி எதையும் மாற்ற முடியாது என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

புயலுக்குப் பிறகு நான் செய்த அந்தச் சுவரின் மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது. இன்று அதைத் திறந்து, பாய் ஒன்று செய்து கறைக்குக் கீழே விரித்திருக்கிறேன். இது எந்த விளையாட்டிலும் வராது. உயரத்தை அளந்து பார்த்தேன். அதில் ஓர் ஆள் உட்கார்ந்தால் தலை சரியாகக் கறையில் போய்ப் படும்.